வாலில் இரண்டு கிலோ

வாசுகிக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அந்த எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரியும். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை, அத்தனை பேர் முன்னால், எஞ்சின் முதல் தடவை ஒழுங்காக ஓடி எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "நான் உசுரோட இருக்கற வரைக்கும் இது தரைய உட்டு எந்திரிக்காதுங்க, பாத்துக்குங்க" என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

சொல்லிவிட்டாள். சுரேந்திரன் எஞ்சினை அணைத்தான். கைதட்டல் நின்றது. அன்றிலிருந்து நான்கு நாட்கள் வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், ஷெட்டுக்குப் போனான். சண்டை போடுகிற புருஷனைச் சமாளிக்கலாம். தட்டைக் கழுவி வைக்கிற புருஷனை என்ன செய்ய?

சுரேந்திரன் நீலகிரியில், நடுவட்டத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். நாற்பத்து நாலு வயது. ஆறு வருஷமாக, எஸ்டேட்டின் பழைய லாரி ஷெட்டில், ஒரே ஒருவர் உட்கார்ந்து பறக்கிற சின்ன விமானம் ஒன்றை ஒண்டியாகக் கட்டிக்கொண்டிருந்தான். அலுமினியக் குழாய், டெரிலின் துணி, மூக்கில் ஓர் இரண்டு சிலிண்டர் எஞ்சின். இறக்கைத் துணி முழுக்கத் தைத்துக் கொடுத்தது அவன் அக்கா ரஞ்சனி. நடுவட்டம் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள், பக்கத்து லயத்துக்காரி. சிலோனில் பிறந்து எட்டு வயதில் இங்கே வந்தவள். தம்பி நிலாவுக்குப் போகிறேன் என்றாலும் துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்றுதான் கேட்பாள்.

முதன்முதலில் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிய அன்று வாசுகி ஆசையாகத்தான் கேட்டாள். "இதுல நான் எங்கீங்க உக்காருவேன்?"

"இது ஒத்தை ஆளு வண்டி" என்றான் சுரேந்திரன், பென்சிலை எடுக்காமலே.

அதை அவள் மறக்கவே இல்லை. மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் சாயங்காலம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே ஷெட் வாசலில் போய் நின்றாள்.

"நாளைக்கு எடை போடணும்னீங்களாமே. அண்ணி சொன்னாங்க. தராசு நான் கொண்டாறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "லீஃப் ஷெட் தராசா?"

"பின்ன, காய்கறிக் கடைத் தராசா?"

வாசுகிக்கு வேலையே நிறுவைதான். சிறு தோட்டக்காரர்கள் பறித்துக்கொண்டு வருகிற கொழுந்தை லீஃப் ஷெட்டில் தொங்கும் முள் தராசில் மாட்டி, எடையைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். பதினொரு வருஷமாக அதைச் செய்கிறாள். முள் நின்றதா நிற்கவில்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் என்பார்கள். இந்தப் பேச்சு அவள் காதுக்கும் எட்டும். எட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள், சந்தோஷம் தெரியக் கூடாது என்று.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் ஷெட்டில் கூடினார்கள். மாசி மாதப் பனி இன்னும் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

எடை போடுவது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. வாலைத் தூக்கிக் கட்டைமேல் வைத்து, வண்டி பறக்கும்போது எப்படி மட்டமாக இருக்குமோ அப்படி நிறுத்த வேண்டும். பிறகு முன் சக்கரம் இரண்டு, வால் சக்கரம் ஒன்று, மூன்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் தூக்கிப் பார்க்க வேண்டும். ரஞ்சனி ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். சுரேந்திரன் உத்தரத்தில் கட்டிய செயின் பிளாக்கை இழுத்தான். தராசின் முகம் வாசுகியின் பக்கம் இருந்தது.

மூன்று எடையில் முக்கியமானது வால்தான். அதை வாசுகிக்குச் சொல்லித் தந்தவர் பிராங்ளின். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே சிறுமுகைப் பக்கம், ஒரு தென்னந்தோப்புக்காரரின் தனி ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பறக்க அனுமதி வாங்குகிற காகித வேலை முழுக்க அவர் பொறுப்பு. தன்னுடைய இரண்டு சீட்டு விமானத்தில் சுரேந்திரனை உட்கார வைத்துப் பழக்கிவிட்டவரும் அவர்தான். தீபாவளிக்கு வந்திருந்தபோது வாசுகி பயந்து பயந்து கேட்டதற்கு, அடுப்படியில் நின்றுகொண்டே விளக்கினார்.

"மூக்கு கனத்தா பரவால்லம்மா, எந்திரிக்கவே எந்திரிக்காது. வால் கனத்துச்சுன்னா மூக்கு மேல போய்க்கிட்டே இருக்கும். ஓட்டற குச்சிய எவ்வளவு முன்னால தள்ளினாலும் கீழ வராது. அப்புறம் மொத்தமா வரும். அதனால வால் சக்கரத்துல பதினொரு கிலோவுக்கு மேல ஒரு பிடி மண்ணு கூட இருக்கப்படாது. இருந்தா எஞ்சினை முன்னால தள்ளி மறுபடி வெல்டு வைக்கணும், மூணு மாச வேலை. மூக்குல ஈயத்தக் கட்டிட்டு வந்து நின்னா எங்கிட்ட வேலைக்காகாது."

மூன்று மாதத்துக்கு இப்போது வழி இல்லை. எஸ்டேட் கை மாறிவிட்டது. திங்கட்கிழமை ஷெட்டைக் காலி செய்ய வேண்டும், புதியவர்கள் இடித்து ரிசார்ட்டுக்கு வண்டி நிறுத்துமிடம் போடப் போகிறார்கள். ஒன்பது மீட்டர் இறக்கையை லயத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியிலா வைக்க முடியும்? வால் பதினொன்றுக்குள் நின்றால் இன்றைக்கே லாரியில் ஏற்றி, ஞாயிறு காலை தோப்பில் பறக்கலாம். நிற்காவிட்டால் ஆறு வருஷமும் பழைய இரும்புக் கடைக்கு.

செயின் கடகடத்தது. இடது சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பியது.

"அம்பத்தி நாலு!" என்றாள் வாசுகி, லீஃப் ஷெட்டில் கத்துகிற அதே குரலில். நோட்டில் எழுதினாள்.

வலது சக்கரம். "அம்பத்தி நாலு!"

வால். ரஞ்சனி குமிழியைப் பார்ப்பதை விட்டுவிட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முள் ஆடியது, நின்றது.

"பத்து!"

"பத்தா?" என்றான் சுரேந்திரன்.

"பத்துங்க. முழுசாப் பத்து."

அவன் செயினை இறக்கிவிட்டு வந்து நோட்டை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மூன்றே மூன்று எண்ணைப் பார்க்க அவ்வளவு நேரம் எதற்கு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு சிரித்தான். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

"நூத்திப் பதினெட்டு" என்றான்.

"என்னா தம்பி, சுவத்துல நூத்தி இருவத்தி நாலுன்னுல்ல எழுதி வச்சிருந்த?" என்றாள் ரஞ்சனி.

ஷெட்டின் சுவரில் சாக்பீஸால் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. வண்டியில் போட்ட ஒவ்வொரு சாமானின் எடையும், போல்ட் நட்டு உட்பட, ஆறு வருஷமாக எழுதி வந்தது. அடியில் கோடு போட்டு மொத்தம்.

"அது உத்தேசமாப் போட்டதுக்கா" என்றான் அவன். செல்போனில் நோட்டைப் படம் பிடித்து பிராங்ளினுக்கு அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"வால் பத்தா? அட சபாஷ்! ஏத்திக்கிட்டு வந்துரு."

ரஞ்சனி தம்பியின் தலையைத் தடவி, அழுது, மூக்கைச் சிந்தி, "இரு, தேத்தண்ணி கொண்டாறேன்" என்று ஓடினாள். அவள் போன பிறகு சுரேந்திரன் தராசைக் கழற்றி வாசுகியிடம் கொடுத்தான்.

"நீ இல்லாட்டி இன்னிக்கு இது நடந்திருக்காது."

அவ்வளவுதான் சொன்னான். வாசுகிக்கு அது போதும். எட்டு கிலோ தராசைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள், மூச்சு வாங்கவே இல்லை.

மதியம் இரண்டு மணி நிறுவைக்கு லீஃப் ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். வாசுகி நல்ல குஷியில் இருந்தாள். யாரையும் திட்டவில்லை. காம்பும் முற்றின கரட்டு இலையுமாகக் கொண்டுவந்த ஒருத்தனைக்கூடச் சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.

கருப்பம்மாவின் முறை வந்தது. அரை ஏக்கர் சொந்தத் தோட்டக்காரி, வாயாடி. சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். முள் இருபத்தாறில் நின்றது.

"இருவத்தி நாலு!" என்று எழுதினாள் வாசுகி.

"ஏ தாயி, மழையா பெஞ்சுது?"

"சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு. புதுசா வர்றவ மாதிரி கேக்கறயே."

எல்லா லீஃப் ஷெட்டிலும் உள்ள வழக்கம்தான் அது. முள் என்ன காட்டினாலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள். முதல் வருஷம் வாசுகி முள்ளைப் பார்த்து, மனதில் கழித்து, பிறகு எழுதினாள். அப்புறம் கழிப்பது என்ற ஒன்று தனியாக நடப்பதே நின்றுபோயிற்று. முள் இருபத்தாறைத் தொட்டால் வாய் இருபத்து நாலு என்கும்.

"ஈரமாம் ஈரம். வெயிலு மண்டையப் பொளக்குது" என்றாள் கருப்பம்மா சாக்கை இறக்கிக்கொண்டே. "உன்னையச் சொல்லிக் குத்தமில்ல தாயி. உன் கை பழகிப்போச்சு. பெத்த புள்ளையத் தூக்கி இதுல மாட்டினாலும் ரெண்டு கிலோ கழிச்சுத்தான் எழுதுவ."

வரிசையே சிரித்தது. வாசுகியும் சிரித்தாள். அடுத்த ஆள் சாக்கை மாட்டினான். முள் பன்னிரண்டில் நின்றது.

"பத்து!"

சொன்ன வாய் சொன்னபடியே திறந்து நின்றது.

காலையில் கண்ட அதே முள், அதே இடம். முள் நேராகப் பன்னிரண்டின் மேல் நின்றது அவள் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. சக்கரத்துக்குச் சாக்கு ஏது, ஈரம் ஏது? ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு, பன்னிரண்டு. மூன்று சக்கரத்துக்கும் இரண்டு இரண்டாக ஆறு கிலோவை மனசறியாமல் கழித்துவிட்டிருக்கிறாள்.

கொக்கியில் தொங்கிய சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதுங்கக்கா" என்றான் சாக்குக்காரன்.

எழுதினாள். பேனா எழுதியது, அவள் அங்கே இல்லை. வால் பன்னிரண்டு. பிராங்ளின் அடுப்படியில் நின்று சொன்னது காதில் கேட்டது. மொத்தமா வரும்.

சொல்லத்தான் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்பதுதான் கேள்வி. நான் உயிரோடு இருக்கிற வரை எந்திரிக்காது என்று ஊர் கேட்கச் சொன்னவள், லாரி கிளம்புகிற நேரத்துக்கு ஓடிவந்து எடை தப்பு என்றால் என்ன அர்த்தம்? சதி பண்ணுகிறாள் என்பார்கள். அவள் அந்த இடத்தில் இருந்தால் அவளே அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான்கு நாள் மௌனம் போய் இன்றைக்குத்தான் ஒரு வார்த்தை பேசினான். இனிமேல் ஆயுசுக்கும் தட்டைக் கழுவி வைப்பான்.

வைக்கட்டும். கழுவி வைக்க ஆள் இருந்தால் போதும்.

பக்கத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவளிடம் நோட்டைத் திணித்துவிட்டு வாசுகி கிளம்பினாள். மணி மூன்று. மூன்றரைக்கு லாரி.

சரிவில் பாதி இறங்கும்போது பஜார் பாதையிலிருந்து ரஞ்சனி வந்தாள். தம்பிக்குப் போட புது சட்டை தைத்துக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணி, எடை தப்பாப் போச்சு" என்று வாசுகி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, வால் பன்னிரண்டு.

ரஞ்சனி முழுசாகக் கேட்டாள். பிறகு சட்டையை மறுபடி மடித்தாள்.

"காலையில அழகா சிரிச்சுக்கிட்டு நின்ன. அப்ப விளங்கல, இப்பத்தான் விளங்குது."

"சாமி சத்தியமா அண்ணி."

"அவன் ஆறு வருஷம் கண்ணு முழிச்சான். நான் நூத்திப் பத்து மீட்டர் துணிய கையாலயும் மிஷினாலயும் தச்சு விரல் பொத்துப் போச்சு. நீ ஒரு நாள் வந்து தராசப் புடிச்ச. அந்த ஒரு நாளையும் உன்னால நேரா இருக்க ஏலாதா?"

"நான் வேணும்னு செய்வேனுங்களா அண்ணி? தாலியக் கட்டிக்கிட்டு இருக்கறவ நானு."

"போய் அவங்கிட்ட சொல்லு. நான் பேசல" என்று ரஞ்சனி பஜாருக்குப் போகிற பாதையில் திரும்பினாள். பத்தடி போய் நின்றாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வாசுகியின் பின்னாலேயே வந்தாள்.

ஷெட் வாசலில் டிரைவர் பெனிஸின் மினி லாரி நின்றது. இறக்கைகளைக் கழற்றிப் பக்கவாட்டில் கட்டியாயிற்று. இறக்கை இல்லாத உடம்பு லாரியின் நடுவில், வால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, கயிறு போட்டு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. வாலில் ஒரு சிவப்புத் துணி. பெனிஸ் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சுரேந்திரன் உள்ளே கடைசியாக ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தான்.

வாசுகி உள்ளே போனாள். வாயைத் திறக்கிறதற்குள் கண் சுவருக்குப் போய்விட்டது.

பட்டியல் அப்படியே இருந்தது. எஞ்சின், தொட்டி, சக்கரம், சீட்டு, கயிறு, போல்ட் நட்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே எடை, கிராம் உட்பட. ஃபேக்டரியில் டீத்தூள் பொட்டலம் கட்டுகிற எலெக்ட்ரானிக் தராசில் ஒவ்வொரு சாமானையும் அவன் நிறுத்து எழுதியது. தினம் ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு முந்நூத்தி நாப்பது கிராம் ஏறிருச்சு" என்று அவளிடம் புலம்புவான். இதில் உத்தேசம் எங்கே வந்தது?

அடியில் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மொத்தம் எழுதியிருந்த இடத்தை மட்டும் யாரோ ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள். சுவர் இன்னும் காயவில்லை.

வாசுகிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணுவது போலப் புரிந்தது. நூற்று இருபத்து நாலு. நூற்றுப் பதினெட்டு. நடுவில் ஆறு.

"ஏனுங்க" என்றாள்.

அவன் விளக்குமாற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"காலைல மூணு தடவையும் நான் ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சு எழுதிட்டேன். பழக்கத்துல. வால் பத்து இல்ல, பன்னண்டு."

அவன் ஆச்சரியப்படுவான், கோபப்படுவான், கத்துவான் என்று அவள் வழியெல்லாம் தயாராகி வந்திருந்தாள். அவன் எதுவும் செய்யவில்லை. சுவரைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் வாசுகி.

வாசலில் ரஞ்சனி நின்றாள். "என்னா தெரியும்? தம்பி?"

"நோட்டப் பாத்ததுமே தெரிஞ்சுது" என்றான் சுரேந்திரன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "மொத்தத்துல சரியா ஆறு குறைஞ்சுது. இவ கை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா அவருக்கு அனுப்புனீங்க?"

"சொன்னா அவர் வராதேன்னுருவார். திங்கக்கிழம ஷெட்டு போயிரும். அப்புறம் எங்க கொண்டு போய் எஞ்சின மாத்தறது?" அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "ஒரே ஒரு தடவ. ரெண்டாள் உசரம். எந்திரிச்சு அப்பிடியே இறக்கிருவேன். ரெண்டு கிலோ அதுக்குள்ள என்ன பண்ணிரும்?"

"மூக்கு மேல போச்சுன்னா கீழ வராதுன்னு எங்கிட்டயே சொன்னாருங்க அவரு. நம்ம அடுப்படில நின்னு சொன்னாரு."

"ஆறு வருஷம் வாசுகி." அவன் சுவர்ப் பட்டியலைக் கையால் காட்டினான். "ஒரு தடவையாவது அது தரைய விட்டு எந்திரிச்சத நான் பாக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. மதியத்திலிருந்து தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். தன் கையால் புருஷனைக் கொல்லப் பார்த்தோமே என்று சரிவு முழுக்கப் பதறியடித்து இறங்கி வந்தாள். இவன் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, நீ இல்லாட்டி நடந்திருக்காது என்று அவளிடமே சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"ஞாயித்துக்கிழம நீங்க விழுந்தீங்கன்னா," என்றாள், நிதானமாக, "வந்து பாக்கறவங்க நோட்டைத்தான் மொதல்ல கேப்பாங்க. அதுல இருக்கறது யாரு கையெழுத்துங்க?"

சுரேந்திரனின் கண் வெளியே லாரிக்குப் போனது.

"எந்திரிக்காதுன்னு சொன்னவ நானு. எடையக் கொறச்சு எழுதினதும் நானு. ஊரு என்னனுங்க பேசும்? கோயமுத்தூர்ல படிக்கற நம்ம பொண்ணு வந்து என்னைய எப்பிடிங்க பாக்கும்? அத யோசிச்சீங்களா? சொவத்தத் தொடைக்கறதுக்கு ஞாபகம் இருந்துச்சல்ல, இத யோசிக்க ஞாபகம் வரலீங்களா?"

ரஞ்சனி சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வெளியே பெனிஸ் ஹாரன் அடித்தான். "அண்ணே, இருட்டறதுக்குள்ள ஊட்டியத் தாண்டணும்ணே. அப்பறம் மலையெறங்க மேட்டுப்பாளையம் ரோட்டுல நின்னு நின்னு போகோணும்."

"வரேன்" என்று சுரேந்திரன் ஓரடி எடுத்து வைத்தான். எடுத்த அடியோடு நின்றான். போகிறானா போகவில்லையா என்று அவனுக்கே தெரியாத மாதிரி ஒரு நிற்பு.

வாசுகி அவனைத் தாண்டிப் போனாள். லாரியின் பின்பக்கம் கால் வைத்து ஏறினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிறுகளைத் தாண்டி, குழாய்களுக்கு நடுவில் குனிந்து புகுந்து, அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை அறுத்துப் பஞ்சு வைத்துத் தைத்த சீட்டு. ஆறு வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கால் பெடலுக்கு எட்டவில்லை. எட்டி ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டி, இறுக்கினாள்.

"அக்கா, அக்கா, கயிறு அந்துரப் போவுது" என்று பெனிஸ் ஓடி வந்தான்.

"ஒத்தை ஆளு வண்டிதானுங்களே" என்றாள் வாசுகி, ஷெட் வாசலைப் பார்த்து. "ஆள் உக்காந்தாச்சு. சிறுமுகை வரைக்கும்னாலும் வரேன், ஞாயித்துக்கிழம வரைக்கும்னாலும் எறங்க மாட்டேன். பன்னண்டுன்னு அவருகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

லயத்திலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போன ஞாயிறு கைதட்டியவர்கள்தான்.

சுரேந்திரன் வெளிச்சத்துக்கு வந்தான். லாரியைப் பார்த்தான், அதன் மேல் தன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற மனைவியைப் பார்த்தான். சட்டைப் பையில் கை விட்டுப் போனை எடுத்தான். எண்ணை அழுத்தினான். ஸ்பீக்கரில் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவனாகவே போட்டான்.

அந்தப் பக்கம் போன் மணி நான்கு தடவை அடித்தது.

"சொல்லு சுரேந்திரா!" பிராங்ளினின் குரல் உற்சாகமாக வந்தது. "தோப்புக்காரர்கிட்ட சொல்லிட்டேன். புல்லெல்லாம் வெட்டியாச்சு. கெளம்பிட்டியா?"

பெனிஸ் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். ரஞ்சனி எழுந்து வந்து வாசலில் நின்றாள். வாசுகி பெல்ட்டின் பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

"சார்" என்றான் சுரேந்திரன்.

போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான்.

"ஹலோ? லைன்ல இருக்கியா? என்னப்பா, எடையில ஏதும் சந்தேகமா?" என்றார் பிராங்ளின்.